படுக்கைக்கு எத்தனை அங்குலம்

லாரிக்குப் படுக்கை விற்பது என் பிழைப்பு. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இந்தியானாவின் வடக்கு ஓரத்தில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பொருத்துகிற தூங்கும் அறைகளைச் செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. அதன் முன்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவள் நான். பெயர் டெல்லா. இங்கே வருவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் ஹாலிஸும் நானும் சேர்ந்து அவசரச் சரக்கு ஓட்டினோம். அவருடைய முழங்கால்கள் போன பிறகுதான் லாரியை விட்டு இறங்கினோம்.

அவசரச் சரக்கு என்றால் வழியில் நிற்கவே கூடாத சரக்கு. டெட்ராய்ட்டில் ஒரு கார் ஆலை ஏதோ ஒரு பெட்டித் திருகாணி இல்லாமல் நின்றுபோயிருக்கும். அந்தப் பெட்டி டெக்சஸ் எல்லையில் கிடக்கும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னால் தூங்க, லாரி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் இந்தத் தொழிலில் புருஷன் பெண்டாட்டி ஜோடிகள்தான் அதிகம். ஒரே படுக்கைதான், ஆனால் சேர்ந்து படுப்பது அபூர்வம். ஒருத்தர் எழுந்த சூட்டில் இன்னொருத்தர் போய்ப் படுக்க வேண்டியதுதான்.

வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே முட்டாள்தனத்தைச் செய்வார்கள். காலணியைக் கழற்றிவிட்டு, கூடத்தில் நிறுத்தி வைத்திருக்கும் லாரிக்குள் ஏறி, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, "ஆஹா, எவ்வளவு சுகமா இருக்கு" என்பார்கள். நிற்கிற லாரியில் யாருக்கும் தூக்கம் வரும். ஒருவர் ஓட்ட, மற்றவர் படுத்துப் பார்க்காமல் நான் யாருக்கும் விற்பதில்லை. முதலாளிக்கு இந்த வழக்கம் பிடிக்காது. எனக்கு முதலாளியைப் பிடிக்காது, கணக்கு சரியாகிவிட்டது.

பிப்ரவரி மாதத்தில் ஒரு காலை லோவெலும் மார்லிஸும் வந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய ஜோடி, ஒஹாயோ பக்கத்து ஆட்கள். லோவெலுக்கு வயிறு முன்னால் வந்தது, அவன் பின்னால் வந்தான். குரல் அதற்கும் முன்னால். மார்லிஸ் ஒல்லி. கண் இரண்டும் வெங்காயம் உரித்தவள் போலச் சிவந்திருந்தன.

"இவங்கதான் மகாராணி," என்றான் லோவெல், கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த மற்ற ஓட்டுநர்களுக்கும் கேட்கிற மாதிரி. "இவங்களுக்கு அரண்மனை வேணுமாம். காட்டுங்க மேடம், உங்ககிட்ட என்ன அரண்மனை இருக்குன்னு."

"எழுபது அங்குலமும் இருக்கு, நூத்திருபதும் இருக்கு," என்றேன். "உங்களுக்கு எது வேணும்?"

"எழுபது," என்றான் அவன். "பெரிசு," என்றாள் அவள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

லோவெல் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லாரிகளில் ஓட்டுகிற தலைப்பகுதியும் சரக்குப் பெட்டியும் ஒரே சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். மொத்த நீளம் நாற்பது அடியைத் தாண்டினால் பல மாநிலங்களில் பிடித்துவிடுவார்கள். அதனால் படுக்கைக்கு ஓர் அங்குலம் கொடுத்தால் சரக்குப் பெட்டியில் ஓர் அங்குலம் போகும். பாரமும் அப்படித்தான். குளியலறை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று ஏற்ற ஏற்ற, ஏற்றுகிற சரக்கின் எடை குறையும். பெட்டி குட்டையாக இருந்தால் லோடு கொடுக்கிறவன் அடுத்த லாரியைக் கூப்பிடுவான். ரொம்பச் சின்ன வண்டி போதுமென்று வேனை வாங்கினாலோ, அதில் இரண்டு பேர் வாழ முடியாது. அளவு பார்ப்பது என்றால் இந்த இழுபறிதான்.

"பெட்டி இருபத்திநாலு அடி இல்லைன்னா அது லாரியே இல்ல," என்றான் லோவெல். "இவளுக்கு என்ன, பின்னாடி படுத்துக்கிட்டுக் கூரையை எண்ணணும். அதுக்கு எதுக்கு நூத்திருபது அங்குலம்? எழுபது அங்குலக் கூரையை எண்ணட்டும், சீக்கிரம் முடிஞ்சிடும்."

காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு அது போதும். இன்னும் எடுத்துவிட்டான்.

"தலையணையைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு ஆந்தை மாதிரி உக்காந்திருப்பா. நான் பாட்டுப் போட்டா தூக்கம் வராது. பாட்டை நிறுத்தினா, ஏன் நிறுத்தினேன்னு கேப்பா. ஷிஃப்ட் மாத்தறப்ப நான் சுவத்தை ரெண்டு தட்டு தட்டினா போதும், எமனைப் பாத்த மாதிரி எந்திரிப்பா. தமாஷா இருக்கும்."

மார்லிஸ் அளவுநாடாவை எடுத்து நூற்றிருபது அங்குல அறையின் கட்டிலை அளந்தாள். நீளம், அகலம், மெத்தைக்கும் கூரைக்கும் நடுவே உள்ள உயரம். பிறகு மறுபடியும் அளந்தாள். அளந்தால் ஓரிரண்டு அங்குலம் கூடிவிடும் என்று நம்புகிறவள் போல இருந்தது.

காபி ஊற்ற நான் போனபோது அவள் பின்னாலேயே வந்தாள்.

"டெல்லா, பெரிசுதான் வேணும்," என்றாள் மெதுவாக. "எப்படியாவது அவன சம்மதிக்க வை. நான் தூங்கி ரெண்டு மாசம் ஆச்சு. அப்பப்ப கண்ணசர்றேன், அவ்வளவுதான். போன வாரம் என் ஷிஃப்ட்ல ரோட்டுல ஒரு மான் நிக்குது. பிரேக்கைப் போடுறேன், மானும் இல்ல ஒண்ணும் இல்ல. இப்படியே போனா நான் யாரையாவது கொன்னுடுவேன். ஒரு ஸ்கூல் பஸ்ஸா இருந்தா என்ன பண்றது?"

"இப்ப இருக்கிற படுக்கை எப்படி?"

"குறுக்க போட்டது. குறுகல். அதான் தூக்கம் வரல."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் மேசைக்கு முன்னால் வந்து அங்குலம் கேட்பவர்களில் பாதிப்பேருக்கு வேண்டியது அங்குலம் இல்லை.

"சரி, ஓட்டிப் பாக்கலாம் வாங்க," என்றேன் சத்தமாக. "முதல்ல லோவெல் ஓட்டட்டும், நீ படு. அப்புறம் மாத்திக்கலாம்."

நூற்றிருபது அங்குல அறை பொருத்திய எங்கள் காட்சி லாரியை எடுத்தோம். லோவெல் சக்கரத்தில். நான் உள்ளே, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து பெஞ்சில் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மார்லிஸ் கட்டிலில் படுத்து, உருண்டு விழாமல் தடுக்கிற வலையை மாட்டிக்கொண்டாள். ஓடும்போது அந்த வலை இல்லாமல் படுக்கக் கூடாது என்பது சட்டம்.

வண்டி மக்காச்சோள வயல்களுக்கு நடுவே போயிற்று. அறுத்த தட்டைகள் பனியில் துருத்திக்கொண்டிருந்தன. காரைத் தொடாத ஆமிஷ் சபைக்காரர் ஒருவர் குதிரை வண்டியை ஓரம் கட்டி வழிவிட்டார். நல்ல மெத்தை, நல்ல அறை, லோவெல் போட்ட பாட்டைத் தவிரச் சத்தமே இல்லை. நானே தூங்கியிருப்பேன்.

மார்லிஸ் தூங்கவில்லை. மல்லாந்து படுத்திருந்தாள், கண் அகலத் திறந்திருந்தது. வலது பாதம் கட்டிலின் கால்மாட்டுப் பலகையை அழுத்திக்கொண்டிருந்தது. லோவெல் ஒவ்வொரு முறை வேகத்தைக் கூட்டும்போதும் அந்தப் பாதம் பலகையை இன்னும் அழுத்தியது. படுத்துக்கொண்டே பிரேக் போட்டுக்கொண்டிருந்தாள், பாவம்.

"மார்லிஸ், இது கட்டில் விஷயம் இல்ல, இல்லையா?" என்றேன்.

அவள் வலையின் ஒரு பக்கத்தை அவிழ்த்துவிட்டு முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

"டிசம்பர்ல வயோமிங்ல லோவெல் தூங்கிட்டான்," என்றாள். "ஓட்டிக்கிட்டே. ரோட்டோரத்து வெட்டு மேல ஏறி வண்டி தடதடன்னு அதிர்ந்துச்சு, அப்புறம் என்னமோ மோதுச்சு. நான் மேல போயி விழுந்தேன். கேட்டா, மான் குறுக்க வந்துச்சுன்னான். காலைல இறங்கிப் பாக்கறேன், வலது பக்கம் வெளிய நீட்டிக்கிட்டிருக்கிற கண்ணாடியைக் காணோம். வண்டியில வேற ஒரு கீறல் இல்ல. அந்தக் கண்ணாடி எவ்வளவு உயரத்துல இருக்கு? மான் என்ன ஏணி போட்டு ஏறிச்சா?"

"அவன்கிட்ட கேட்டியா?"

"கேட்டு? உன் ஓட்டத்துல எனக்கு நம்பிக்கை இல்லன்னு சொல்லவா?"

வேறு வீட்டில் பெண்டாட்டி புருஷனைப் பார்த்து எது வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். குடிகாரன் என்று சொல்லலாம், வேறொருத்தியோடு போகிறவன் என்று சொல்லலாம், சாயங்காலம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். ஜோடி ஓட்டுகிறவர்களுக்குள் சொல்லக் கூடாத பேச்சு இது ஒன்றுதான். சொல்லிவிட்டால் லாரியும் இல்லை, வீடும் இல்லை. அதனால் கட்டில் சின்னது என்கிறார்கள், மெத்தை முதுகைக் குத்துகிறது என்கிறார்கள், நான் இன்னும் பெரியதாக ஒன்றைக் காட்டுகிறேன்.

ஓட்டுநர் இருக்கைக்கும் அறைக்கும் நடுவே கதவு இல்லை, வெறும் திரைதான். அதை நாங்கள் இரண்டு பேரும் மறந்துபோனோம். லோவெலின் பாட்டு எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

"அங்க என்ன ஒப்பாரி?" என்றான்.

பதில் வருவதற்குள் பிரேக்கை அமுக்கினான். வழியில் ஒன்றும் இல்லை. பூனைக்குட்டிகூடக் கிடையாது. பெல்ட் என் தோளை அறுத்தது. மார்லிஸ் கட்டிலிலிருந்து அப்படியே முன்னால் வழுக்கி, அலமாரியின் விளிம்பில் முகம் மோதித் தரையில் விழுந்தாள். லாரி மறுபடி வேகம் எடுத்தது. லோவெல் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பாத்தியா மகாராணி? ரூம் பெரிசா இருந்தா உருள்றதுக்கும் இடம் பெரிசு! எழுபது அங்குலம்னா இவ்வளவு தூரம் போயிருப்பியா?"

கீழுதடு கிழிந்து, முகவாயெல்லாம் ரத்தம். நான் அவளைத் தூக்கி உட்காரவைத்தேன். என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மார்லிஸ் என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

"வண்டியை ஓரமா நிறுத்து லோவெல்," என்றாள். "இப்ப நீ படுத்துப் பாக்கணும்."

"கோவமா?" என்றான் அவன், வண்டியை நிறுத்தி எழுந்து உள்ளே வந்து, அவள் முகத்தைப் பார்த்து. "அட, லேசாத்தான அமுக்கினேன். வலையை எவன் அவுக்கச் சொன்னான்? பழைய கம்பெனியில எல்லாரும் இப்படித்தான் விளையாடுவோம்." அதோடு விடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "வயோமிங் கதையை இனிமே எவகிட்டயாவது சொன்னே, ஏதாவது ஒரு பெட்ரோல் பங்க்ல இறக்கிவிட்டுட்டுப் போயிட்டே இருப்பேன். உன்ன எவன் ஜோடி சேத்துக்குவான்? தூங்கத் தெரியாதவளை?"

இது வெறும் மிரட்டல் இல்லை. அப்படி இறக்கிவிடப்பட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன், ஒரு பையும் ஒரு போர்வையுமாக.

மார்லிஸ் உதட்டில் காகிதக் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். நான் பக்கத்து இருக்கைக்கு மாறினேன். அவள் வண்டியைக் கிளப்பியது எப்போது என்று எனக்கே தெரியவில்லை, சத்தியமாக. வெளியே வயல்கள் நகர்ந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஹாலிஸ் நல்ல ஓட்டுநர், நானும் மோசமில்லை, ஆனால் இவள் கை வேறு. பள்ளம் வருவதற்கு முன்னாலேயே வேகம் குறைந்துவிடும். திருப்பத்தில் நான் குடுவையிலிருந்து ஊற்றிப் பிடித்திருந்த காபி ஓர் ஓரமாகக்கூடச் சாயவில்லை.

ஒரு மைல்கூடப் போயிருக்க மாட்டோம். பின்னாலிருந்து குறட்டை வந்தது. வலையைக்கூட மாட்டாமல் படுத்திருந்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மார்லிஸ்," என்றேன், "கண்ணாடியில பாரு, பின்னாடி ஒரு வண்டி இல்ல. ஒரே ஒரு அமுக்கு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மூக்கு மட்டும் உடையட்டும்."

"பின்னாடி ஒருத்தன் தூங்கறான் டெல்லா," என்றாள்.

எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. இவ்வளவு நல்லவளாக இருந்து யாருக்கு என்ன லாபம்? அவனோ, அவள் கைக்கு வாழ்நாளெல்லாம் பழகியவன், அதை ஒரு தரம்கூடக் கவனித்திருக்க மாட்டான். தூக்கம் தானாக வருகிறது என்று நினைத்திருப்பான்.

பெரிய சாலையைச் சேர்ந்ததும் லாரிகள் நிற்கும் இடம் ஒன்று வந்தது. எரிபொருள், குளியல், சாப்பாடு எல்லாம் ஒரே கூரையின் கீழ். மார்லிஸ் வண்டியை உள்ளே விட்டு, இரண்டு லாரிகளுக்கு நடுவே நிறுத்தினாள். "முகம் கழுவிட்டு வந்துடறேன்," என்று இறங்கிப் போனாள்.

நான் காத்திருந்தேன். குறட்டையைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? இறங்கி அவளைத் தேடிப் போனேன்.

கழிவறையில் இல்லை. சாப்பாட்டுக் கடையில் இல்லை. கடைசியில் ஓட்டுநர்களின் ஓய்வறையில் கண்டுபிடித்தேன். நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள், எதிரே தொலைக்காட்சி காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. ஒருவர் பன்றி இறைச்சி சாண்ட்விச்சைக் காகிதம் சரசரக்கப் பிரித்தார். இன்னொருவர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நடுவே, கைப்பிடி வைத்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தலை ஒருபக்கம் சாய்ந்து, வீங்கிய உதடு திறந்து, மார்லிஸ் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணசரல் இல்லை, நல்ல தூக்கம். கால்கள் தளர்ந்து, ஒரு காலணி கழன்று கிடந்தது. வலது பாதம் எதையும் அழுத்தவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்கள் அவள் காலை மிதிக்காமல் பார்த்துக்கொண்டேன். தொலைக்காட்சியைக் குறைக்கச் சொன்னேன். சாண்ட்விச்காரர் எழுந்து போய்க் குறைத்தார்.

அப்புறம் லோவெல் வந்தான். தலை கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. நன்றாகத் தூங்கியவனின் சந்தோஷம் முகமெல்லாம்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க ரெண்டு பேரும்?" என்றவன் அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தான். அறையில் இருந்தவர்களையெல்லாம் கைகாட்டிக் கூப்பிட்டான்.

"பாருங்கய்யா இந்த அநியாயத்தை! இவளுக்கு நூத்திருபது அங்குலம் வேணுமாம், கட்டில் வேணுமாம், குளியலறை வேணுமாம். இங்க பாரு, நாற்காலியில தூங்கறா! வாயைப் பொளந்துக்கிட்டு!" என் பக்கம் திரும்பினான். "டெல்லா, முடிஞ்சுபோச்சு. எழுபதையே எழுது. இவ எங்க வேணாலும் தூங்குவா, நீயே சாட்சி."

இரண்டு பேர் சிரித்தார்கள். ஆனால் அவள் உதட்டைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

"அவ தூங்கறது நாற்காலியால இல்ல லோவெல்," என்றேன். "நீ ஓட்டாததால."

அவன் காது சிவந்தது. குனிந்து நாற்காலியின் முதுகில் இரண்டு தட்டு தட்டினான், லாரிச் சுவரில் தட்டுகிற மாதிரி. "எந்திரி. கிளம்பணும்."

அவள் திடுக்கிடவில்லை. கண்ணை மட்டும் மெதுவாகத் திறந்து அவனைப் பார்த்தாள், அவன் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எங்கே இருக்கிறோம் என்பது அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது.

"எழுபதுன்னு முடிவு பண்ணியாச்சு," என்றான் லோவெல். "சின்னதே போதும். என்ன சொல்றே?"

"போதும்," என்றாள் மார்லிஸ். உதடு வீங்கியிருந்ததால் வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. "ஒருத்தனுக்கு எழுபது தாராளம்."

தனி ஆளாக ஓட்டுகிறவனுக்கு அவசரச் சரக்கில் என்ன கிடைக்கும் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஜோடி லாரிகள் வேண்டாமென்று விட்ட மிச்சம்தான் கிடைக்கும்.

லோவெல் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான். "விளையாடாதே," என்றான். "ஏய், மார்லிஸ். திங்கக்கிழமை நமக்கு லோடு இருக்கு. யாரு ஓட்டறது?"

அவள் கழன்ற காலணியைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு, நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சரிந்து, கண்ணை மூடிக்கொண்டாள். அவன் இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பதிலுக்கு ஒரு சின்னக் குறட்டை வந்தது.